ஆறு மணிக்கு மேல், ஏழரை மணிக்குள்

நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு நாளை எண்ணிக் குறைக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பொரிப்பகத்தில் முட்டை வைத்தால் 21 நாள். அதில் 18 நாள் ஒரு மெஷினில், மிச்சம் மூன்று நாள் இன்னொரு மெஷினில். குஞ்சு பண்ணைக்கு இறங்கினால் முதல் முட்டைக்கு 18, 20 வாரம். விடுதியோடு நடக்கும் பள்ளிக்கூடம் என்றால், வகுப்பறைப் பலகையின் மூலையில் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் காலையில் யாராவது அழித்து எழுதுவார்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மட்டும் எண் இறங்காது. போன மாதம் கேட்டாலும் "அடுத்த வாரம் ஆயிருமுங்க", இந்த மாதம் கேட்டாலும் "அடுத்த வாரம் ஆயிருமுங்க".

இப்படிப்பட்ட ஊரில் வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பட்டறை, ரிக் வண்டி, ஜவ்வரிசி ஆலை என்று எதற்கு வேண்டுமானாலும் ஒரு பக்கம் போட்டுத் தருவேன். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் முதலாளி போட்டோவும் போன் நம்பரும்தான். போட்டோ பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் புதுச்சத்திரம் பக்கம் லேயர் பண்ணை வைத்திருக்கும் பெரியப்பா, "பாப்பா கல்யாணத்துக்குப் பத்திரிகையை நெட்டுல போட்டுரு சாமி" என்றபோது, ஒரு சாயங்கால வேலை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீடு சேலம். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவருக்கு முந்தைய வருடம் கல்யாணம் ஆகியிருந்தது. அந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நாள், மணி, நிமிடம், நொடி என்று நான்கு கட்டம் போட்டு எண்கள் குறைந்துகொண்டே வந்தனவாம். அதே மாதிரி நமக்கும் வேண்டும் என்று சேலத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் கேட்டு இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பெரியப்பா உடனே ஒப்புக்கொண்டார். என்ன கேட்டார்கள் என்பதை அப்புறம்தான் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இதைச் செய்வது கஷ்டமில்லை. வரப்போகும் நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழி, மிச்சத்தை நாளாக, மணியாக, நிமிடமாகப் பிரி, ஒவ்வொரு நொடியும் மறுபடி கழி. பள்ளிக்கூடத்துப் பையன் செய்வான். கணக்கு இவ்வளவுதான் என்றாலும் கம்ப்யூட்டர் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: எந்த நேரத்துக்கு? நாள், மணி, நிமிடம், நொடி என்று ஒரே ஒரு புள்ளியைக் காட்டச் சொல்லும். அந்தப் புள்ளிதான் பூஜ்ஜியம். எங்கள் குடும்பத்தில் அந்த ஒன்று மட்டும் இல்லை.

பத்திரிகையைப் பார்த்தேன். தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள். தமிழ்நாட்டில் அச்சாகும் எல்லாக் கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான் இருக்கும். 'மேல்' என்கிறோம், 'குள்' என்கிறோம். நடுவே ஒன்றரை மணி நேரம், அதாவது 5,400 நொடி. அதில் எந்த நொடியில் வேண்டுமானாலும் தாலி ஏறலாம். இந்த 'மேல்', 'குள்' இரண்டுக்கும் ஜாவாஸ்கிரிப்டில் இடம் இல்லை.

"பெரியப்பா, ஆறுக்கு வெக்கட்டுங்களா, ஏழரைக்கு வெக்கட்டுங்களா?"

உள்ளேயிருந்து பெரியம்மா வந்துவிட்டார். ஏழரை என்ற எண்ணை அவர் வாயால் சொல்லவும் மாட்டார், பிறர் சொல்லக் கேட்கவும் மாட்டார். "அந்த நம்பர் வேண்டாம் கண்ணு. ஆறுக்கே வெய்யி."

"ஆறுக்கு வெச்சா, ஆறுக்கே கட்டிரோணும்னு ஆயிரும்," என்றார் பெரியப்பா. "அருமைக்காரர் ஆறு மணிக்கு வந்து சேந்துருவாரா?"

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்களை முன்னின்று நடத்திக் கொடுக்கிற பெரியவர்தான் அருமைக்காரர். ஒரே முகூர்த்த நாளில் அவருக்கு எத்தனை மண்டபம் இருக்கும் என்பது அவருக்கே தெரியாது.

இதற்குள் தாத்தா வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தார். பஞ்சாங்கத்தில் நாள் என்பது நள்ளிரவில் மாறுவதில்லை, சூரிய உதயத்தில்தான் மாறுகிறது. தையில் நாமக்கல்லுக்குச் சூரியன் வர ஆறரை தாண்டிவிடும். இந்திய நேரம் கிழக்கே 82½ டிகிரி ரேகைக்குக் கணக்கிட்டது. நாம் அதற்கு மேற்கே 78 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆக, நம் சூரியன் கடிகாரத்தைவிடக் கால் மணி நேரத்துக்கு மேல் பிந்தித்தான் வரும். பத்திரிகையில் ஞாயிறு காலை 6 மணி என்று போட்டிருப்பது, தாத்தாவின் கணக்கில் இன்னும் சனிக்கிழமை. "சனிக்கெழமைல தாலி கட்டற மாதிரி ஓட்டறே பாரு உன்ற மெஷினை" என்றார். ஜோசியரைக் கேட்டுத்தான் நாள் குறித்தார்கள், பத்திரிகையை அச்சடித்ததும் அவர்கள்தான். பழி மட்டும் என் மெஷினுக்கு.

நேரம் முடிவாகிற வரைக்கும் தேதியை மட்டும் கொடுத்து ஓட்டிக் காட்டினேன். இங்கே ஒரு விசேஷம் இருக்கிறது. மணி சொல்லாமல் வருடம், மாதம், நாள் மட்டும் எழுதிக்கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு அது காலை 5.30. பெரியப்பா திரையைப் பார்த்து விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"ஏந்தம்பி, அஞ்சரைக்கு முடியற மாதிரியல்ல காட்டுது?"

"நேரம் குடுக்கலைங்க பெரியப்பா. அதுவா எடுத்துக்குச்சு."

"அதுவா எடுத்துக்குச்சா?" பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அஞ்சரைல ஏதோ இருக்குது. ஜோசியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாமா?"

லண்டனின் கிரீன்விச் பகுதி ராத்திரியை நல்ல நேரம் என்று நம்பி முகூர்த்தத்தை மாற்றிய முதல் குடும்பமாக நாங்கள் ஆகியிருப்போம். பெரியம்மா குறுக்கிட்டுக் காப்பாற்றினார். அஞ்சரைக்கு அலங்காரம் முடியாது என்றார்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகன் இன்னொரு கோணம். அவன் டல்லாஸில் இருக்கிறான், பக்கத்தை அங்கிருந்து திறப்பான். இந்திய நேரம் என்று குறிப்பிடாமல் வெறுமனே 'ஞாயிறு காலை 6' என்று எழுதினால், அவன் போன் அதை டல்லாஸ் ஞாயிறு காலை 6 என்று புரிந்துகொள்ளும். அப்போது இங்கே சாயங்காலம் 5.30. மண்டபம் கூட்டிப் பெருக்கிக் காய்ந்திருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4.30 முதல் 6 வரை ராகு காலம். சித்தி மகனின் போனில் அவன் தங்கைக்கு ராகு காலத்தில் தாலி ஏறும். தவிர்ப்பதற்கு, நேரத்துக்குப் பின்னால் '+05:30' என்று ஒட்டினால் போதும். அப்போது அவனுக்குச் சரியாகச் சனிக்கிழமை சாயங்காலம் 6.30-க்குப் பூஜ்ஜியம் வரும். சனிக்கிழமை என்று கேட்டதும் தாத்தா, "நாஞ் சொன்னனல்ல" என்றார்.

மாதக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதே வேலையில் இறங்குகிற யாருக்காவது உதவும். ஜாவாஸ்கிரிப்டுக்கு எண்களாகக் கொடுத்தால் ஜனவரி என்பது ஒன்றில்லை, பூஜ்ஜியம். 1995-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். தேதிக் கணக்கு அப்படியே ஜாவாவிலிருந்து வந்தது, ஜாவாவில் ஜனவரி பூஜ்ஜியமாக இருந்தது. அவசரத்தில் செய்தது முப்பது வருடமாக நிற்கிறது. ஜூன் 20 என்று நினைத்து மாதத்துக்கு 6 போட்டால் அது ஜூலை 20. ஆனியில் வைத்த கல்யாணம் ஆடிக்குப் போய்விடும். கலிபோர்னியாவில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. சேலத்தில் சம்பந்தம் முறிந்துபோகும்.

இத்தனைக்கும் நடுவில் கல்யாணப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகப் போன் செய்தாள்.

"அண்ணா, அந்த டைமர் வேண்டாங்ணா."

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் கேட்டாங்க."

"அதைப் பாத்தா நெஞ்சு அடிச்சுக்குதுங்ணா. பன்னெண்டாவதுல பாத்தது போதும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. அவள் எங்கள் ஊர் விடுதிப் பள்ளி ஒன்றில் ரெண்டு வருடம் இருந்தவள். அதிகாலையில் எழுப்பிவிட்டு முதல் வேலையாக அந்த எண்ணைப் பார்க்க வைப்பார்கள். 2017-க்கு முன்னால் பன்னிரண்டாவது மதிப்பெண்ணுக்காக எண்ணினார்கள், அதற்குப் பிறகு நீட்டுக்காக எண்ணுகிறார்கள். பரீட்சை மாறியது, பலகையும் சாக்பீஸும் மாறவில்லை. எந்த மாவட்டத்துப் பிள்ளையாக இருந்தாலும் கடைசியில் இங்கே கொண்டுவந்து விட்ட காலம் உண்டு. முட்டைக்கும் மாணவருக்கும் ஒரே ஊர் பேர் வாங்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அவளோடு பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம். நொடியை எடுத்துவிடுவது. நாள், மணி, நிமிடம் மட்டும் இருக்கட்டும். நெஞ்சை அடிக்க வைப்பது நொடிதான். கல்யாணத்துக்கு நொடி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நொடி என்பது ஓடவைப்பதற்கு, வரவேற்பதற்கு அல்ல.

வியாபாரிகளுக்கு அது நன்றாகத் தெரியும். கல்யாணச் சாமான் வாங்கும் நாட்களில் அத்தை ஒரு ஆன்லைன் கடையில் பட்டுப் புடவை பார்த்தார். பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் இந்தச் சலுகை முடிய இன்னும் ஒன்பது நிமிடம் என்று ஓடியது. அத்தை மாமாவைக்கூடக் கேட்காமல் பணம் கட்டினார். வீட்டில் அதுவரை நடக்காத காரியம் அது. மறுநாள் காலை அதே பக்கத்தைத் திறந்தால் அதே புடவை, அதே விலை, மறுபடி ஒன்பது நிமிடம். பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த டைமருக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை, எழுதியவன் அப்படித்தான் எழுதியிருக்கிறான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இந்த மாதிரி 13 வகை ஏமாற்று வேலைகளைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. பட்டியலில் முதலில் இருப்பதே இந்தப் பொய் அவசரம்தான். அத்தையிடம் சொன்னேன். "இருந்துட்டுப் போகுது, பொடவை நல்லாத்தான இருக்குது" என்றார்.

நிஜமான அவசரத்துக்கு வருவோம். ராக்கெட் விடும்போது எண்ணி இறங்குவதை மக்கள் மனதில் பதியவைத்தது விஞ்ஞானிகள் அல்ல, சினிமாக்காரர். ஃபிரிட்ஸ் லாங் என்ற இயக்குநர் 1929-இல் எடுத்த ஜெர்மன் ஊமைப் படத்தில் நிலவுக்குக் கிளம்பும் ராக்கெட்டுக்கு எண்ணை இறக்கிக் காட்டினார். பேச்சில்லாத படம், ஜனங்களுக்குப் படபடப்பு வரவேண்டுமே. அந்த நிலவுக்கும் எங்களுக்கும் ஒரு சொந்தம் உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறை நிலவின் மேட்டுப் பகுதிப் பாறையைப் போன்றது. அனார்த்தோசைட் என்பார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறையினர் கண்டெடுத்துச் சொல்ல, இங்கிருந்து டன் கணக்கில் மண் பெங்களூர் இஸ்ரோவுக்குப் போய், நிலவில் இறங்கும் கலத்தையும் உருளும் வண்டியையும் சோதிக்க உதவியது. இதைப் பெரியப்பா எந்தப் பேச்சிலும் கொண்டுவந்துவிடுவார். முட்டை விலை இறங்கிய நாளில் இன்னும் கொஞ்சம் சத்தமாக.

சந்திரயான்-2 கிளம்ப வேண்டியது 2019 ஜூலை 15, விடியற்காலை 2.51. கிளம்ப 56 நிமிடம் 24 நொடி இருக்கும்போது எண்ணிக்கையை நிறுத்தினார்கள். ஏதோ கோளாறு. ஒரு வாரம் கழித்து ஜூலை 22 மத்தியானம் 2.43-க்குக் கிளம்பியது. பெரியப்பா அந்த ராத்திரி டிவி முன்னால் விழித்திருந்தவர். அந்த ஞாபகத்தில் என்னிடம் ஒரு புதுக் கோரிக்கை வைத்தார்.

"இஸ்ரோக்காரங்க நிறுத்தினாங்கல்ல, அந்த மாதிரி நம்முளுதுலயும் நிறுத்தற பட்டன் ஒண்ணு வெய்யி. அருமைக்காரர் வரலைன்னா அமுக்கிக்கலாம்."

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். ராக்கெட்காரர்களின் கடிகாரம் வேலையைப் பார்த்து ஓடுகிறது, வேலை நின்றால் அதுவும் நிற்கும். வெப்சைட்டில் நாம் போடுகிற டைமர் யாருக்காகவும் நிற்காது. குஞ்சு பொரிப்பதில்கூட 21 நாள் என்பது பேச்சுக்குத்தான். ஒரே தட்டில் வைத்த முட்டையில் முந்திப் பொரிந்த குஞ்சுக்கும் பிந்திப் பொரிந்த குஞ்சுக்கும் ஒரு முழு நாளுக்கு மேல் வித்தியாசம் வரும். முந்தி வந்தது மெஷினுக்குள் உலர்ந்து உட்கார்ந்திருக்கும், பிந்தி வருவதற்காக. பண்ணைக்காரர் யாரும் அதற்காகப் பூஜ்ஜியம் தவறிவிட்டது என்று கவலைப்படுவதில்லை. எல்லாம் வெளியே வந்ததும் தட்டை இழுக்கிறார்கள்.

பட்டன் வைக்கவில்லை. அதை யார் அமுக்குவது என்பதில் இரு வீட்டுக்கும் சண்டை வரும். பதிலாக ரெண்டு பூஜ்ஜியம் வைத்தேன். ஆறு மணி வரை எண் குறையும். ஆறுக்கு எண் மறைந்து 'நல்ல நேரம் நடக்கிறது' என்று வரும். பெரியம்மா வாயால் சொல்லாத அந்த நேரத்துக்கு அதுவும் மறையும். அப்புறம் என்ன காட்டுவது என்று ஒரு கூட்டம் நடந்தது. எதையும் சொல்லாமல் விட்டால் எண் கழித்தலில் போகும், கல்யாணத்துக்கு மைனஸ் ஒரு நிமிடம் என்று காட்டும். 'திருமணம் முடிந்தது' என்று போடலாம் என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நானே அழித்துவிட்டேன். கடைசியில் சித்தப்பா சொன்னது நின்றது: 'வாழ்த்திய அனைவருக்கும் நன்றி. பந்தி நடக்கிறது.' பக்கத்தை ஒரு வெள்ளிக்கிழமை வெளியிட்டோம், பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம் என்பதால் பன்னிரண்டு தாண்டித்தான். அன்றிரவே பெரியப்பா வீட்டிலிருந்து புகார் வந்தது, டைமர் பத்து நிமிடம் பின்னால் போகிறது என்று. அவர்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடுவது. பஸ்ஸைப் பிடிப்பதற்காக என்றைக்கோ திருப்பி வைத்தது. பஸ்ஸில் போவதை விட்டு வருடக்கணக்காகிறது, கடிகாரத்தைத் திருப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் நண்பர்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்து மண்டபத்து எல்இடி திரையில் பக்கத்தை ஓடவிட்டார்கள். எண் இறங்கி இறங்கி மணி ஆறு ஆனபோது மேடையில் நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை காபி டம்ளரோடு இருந்தார். வீடியோக்காரர் விளக்கை எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சேலத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் திரையைப் பார்த்துவிட்டுத் தாலி கட்டியாயிற்றோ என்று அட்சதையைத் தூவிவிட்டார். அது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் தாத்தாவின் தலையில் விழுந்தது. 'நல்ல நேரம் நடக்கிறது' என்ற எழுத்துக்குக் கீழே அருமைக்காரர் நிதானமாக வந்து சேர்ந்தார், ஒவ்வொரு சீராக நடந்தது, உள்ளே விழ வேண்டிய நேரத்துக்கு உள்ளேயே மூன்று முடிச்சும் விழுந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த ஒரு பூஜ்ஜியத்தைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் ரெண்டரைக்கே சொந்தக்காரர் எல்லாரும் தாம்பாளத்தைத் துடைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டப மேனேஜர் கையில் நோட்டோடு மீட்டர் பெட்டி முன்னால் நின்றார். முதல் நாள் குறித்த ரீடிங்கையும் இப்போதைய ரீடிங்கையும் பக்கத்தில் எழுதிக் கழித்தார். பிறகு திரும்பி, நன்றி சொல்லிக்கொண்டிருந்த எல்இடி திரையைக் காட்டி பெரியப்பாவிடம் கேட்டார்.

"அதை இன்னும் ஓடவுடணுங்களா? அதுக்கும் யூனிட் நம்ம மீட்டர்லதானுங்க ஏறுது."